சுப்ராயன் பிடித்த கம்பம்

"எதிர்த்த கடையில பதினாறு கம்பி ஏறிட்டு" என்று மனைவி அல்லி வந்து சொன்னபோது சோமசேகரனின் வாய் நிறையப் பல்பொடி.

"எ...ன்ன கம்பி?"

"ஆண்டெனாக் கம்பிங்க. நம்மளுது எட்டு. அலாவுதீன் பாய் கடையில பதினாறு. போறவங்க வர்றவங்க எல்லாம் விரலை நீட்டி எண்ணிட்டுப் போறாங்க."

சோமசேகரன் அவசரமாகக் கொப்புளித்துத் துப்பிவிட்டு வாசலுக்கு ஓடினார். எதிரே ‘பிறை எலெக்ட்ரானிக்ஸ்’ மாடியில், ராட்சத மீனைத் தின்றுவிட்டு யாரோ முள்ளை மட்டும் நட்டுவைத்த மாதிரி, புது ஆண்டெனா வெயிலில் மின்னியது. கீழே அதன் முதலாளி சேக் அலாவுதீன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சோமு, டீ சாப்பிடுறீங்களா?" என்றார் அன்பாக.

அந்த அன்புதான் சோமசேகரனுக்குப் பொறுக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. மெட்ராஸ் டெலிவிஷன் காரைக்காலுக்கு வந்து சேராது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் டி.வி. ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. மாடியில் கம்பம் நட்டுத் தெற்கே பார்த்துத் திருப்பி வைத்தால், புண்ணியம் செய்தவர்களுக்குப் படம் தெரியும். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டி பெட்டியாக டி.வி. வந்து இறங்கிக்கொண்டிருந்த ஊரில், அந்தக் கம்பத்தைச் செய்து நட ஒரு கம்பெனி வேண்டாமா? அதுதான் அல்லி எலெக்ட்ரானிக்ஸ். முதலாளி சோமசேகரன். மீதிக் கம்பெனி முழுவதும் சுப்ராயன். இரும்பு வெட்டுவது, ஒயர் இழுப்பது, மாடி ஏறுவது எல்லாம் அவர்.

பத்து வருஷத்துக்கு முன்னால் சோமசேகரன் அல்லி டிரான்சிஸ்டர் என்று ஒரு ரேடியோ செய்தார். திருநள்ளாறு வரைக்கும் டீக்கடைகளில் அதுதான் பாடியது. அப்புறம் வெளிநாட்டு டேப் ரெக்கார்டர் வந்தது. ரேடியோவை விட்டுவிட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு மாறினார். நல்ல பெட்டி செய்யக் கற்றுக்கொண்டபோது, பெட்டியும் சேர்ந்தே இருக்கிற டூ-இன்-ஒன் வந்துவிட்டது. காலத்துக்கேற்ப சோமசேகரன் மாறவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் மாறினார். அவர் மாறி முடிப்பதற்குள் காலம் இன்னொரு தடவை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஆண்டெனாவில் மட்டும்தான் அவர் முந்திக்கொண்டார். அதுவும் குடைக்கடை வைத்திருந்த அலாவுதீன், "குடைக்கும் கம்பி, இதுக்கும் கம்பிதானே" என்று எதிரே வந்து உட்காரும் வரைக்கும்தான்.

"சுப்ராயா, இருபத்து நாலு கம்பி போடு" என்றார் சோமசேகரன்.

"இருபத்து நாலா? எதுக்குண்ணே?"

"அவரு பதினாறு போட்டிருக்காரு."

அல்லி குறுக்கே வந்தாள். "ஏங்க, டி.வி. பாக்குறவங்களுக்குக் கம்பியா வேணும், படமா வேணும்?"

"வேணுங்குறது படந்தான். ஆனா வாங்கும்போது எண்ணுறது கம்பியைத்தானே?"

இருபத்து நாலு கம்பி ஆண்டெனா இரண்டு நாளில் மாடியேறியது. தெருவே அண்ணாந்து பார்த்தது. காக்காய்களும் பார்த்தன. அதுவரை கரண்ட் கம்பத்திலும் முருங்கை மரத்திலும் சிதறிக் கிடந்த காக்காய்கள், குடும்பத்தோடு உட்கார வசதியாக ஒரு இடம் கிடைத்ததென்று வரிசையாக வந்து அமர்ந்தன. பாரம் தாங்காமல் ஆண்டெனா மெல்ல மெல்லத் திரும்பியது. கொழும்பைப் பார்க்க வேண்டியது திருவாரூரைப் பார்த்தது. திருவாரூரில் டி.வி. ஸ்டேஷன் கிடையாது.

"கம்பம் மெலிசா இருக்கு. அதான்" என்றார் சோமசேகரன்.

நல்ல கனமான கம்பம் தேடிக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், படகுக்கென்று வாங்கிப் போட்டிருந்த நெடுநெடு சவுக்குக் கம்பத்தைக் காட்டினார்.

"எந்தப் போட்டுக்கு?" என்று கேட்டார்.

"போட்டுக்கு இல்லங்க. வீட்டுக்கு."

"வீடு எப்பக் கடலுக்குப் போவுது?"

சோமசேகரன் சிரிக்கவில்லை. கம்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் மாரிக்கண்ணு வீட்டு மாடியில் முதலில் நட்டார். உயரம் கூடினால் படம் கூடும் என்பது கணக்கு. படம் கூடத்தான் செய்தது. ஆனால் கடற்காற்று அடிக்க ஆரம்பித்ததும் கம்பம் ஆடியது. கம்பத்தோடு படமும் ஆடியது. செய்தி வாசித்த பெண் வந்தாள், போனாள், வந்தாள், போனாள்.

"முசே சோமசேகர்" என்று மாரிக்கண்ணு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பென்ஷன்காரர் எல்லாரையும் பிரெஞ்சு மரியாதையோடு, ஐயா என்பதற்குப் பதிலாக, முசே என்றுதான் கூப்பிடுவார். "நான் டி.வி. பாக்குறேனா, ஊஞ்சல் ஆடுறேனா? தலை சுத்துது."

அதே வாரம் அலாவுதீன் அதைவிட ஒரு முழம் உயரமாக ஒரு கம்பம் நட்டார். அதுவும் ஆடியது. ஆனால் உயரம்.

இனிமேல் கம்பியிலும் கம்பத்திலும் பிரயோஜனமில்லை, மூளையில்தான் ஜெயிக்க வேண்டும் என்று சோமசேகரன் முடிவு செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தார். வெளியே வரும்போது கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி இருந்தது.

"பூஸ்டர்" என்றார். "கடல் தாண்டி வர்ற சிக்னல் சோர்ந்து போய் வரும். இது அதைத் தட்டி எழுப்பி உள்ளே அனுப்பும். வெளியூர் பூஸ்டர்ல ஒரு டிரான்சிஸ்டர். நம்மளுதுல மூணு."

"பாய் பார்த்து இதேமாதிரி பண்ணிட்டா?" என்று அல்லி கேட்டாள்.

"பண்ண முடியாது. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாதபடி தாரைக் காய்ச்சி ஊத்தி மூடிட்டேன்."

பூஸ்டர் வைத்ததும் மாரிக்கண்ணு வீட்டில் படம் பளிச்சென்று நின்றது. மறுநாள் அவருக்கு இந்தப் பக்கத்து வீட்டிலும் அந்தப் பக்கத்து வீட்டிலும் படத்தில் சாய்வாகக் கோடு விழுந்தது. அவர்கள் தங்கள் ஆண்டெனாதான் மட்டம் போலிருக்கிறது என்று நினைத்து ஆளுக்கொரு பூஸ்டர் வாங்கினார்கள். உடனே அடுத்த இரண்டு வீடுகளில் கோடு விழுந்தது. அவர்களும் வாங்கினார்கள்.

"பாத்தியா?" என்றார் சோமசேகரன். "விளம்பரமே பண்ணலை. வீடு வீடாத் தானா பரவுது."

"அம்மைகூட அப்படித்தாங்க பரவும்" என்றாள் அல்லி.

தெரு முழுக்க பூஸ்டர் வைத்து முடித்த அன்று சாயங்காலம் தெரு முழுக்கப் படம் போய்விட்டது. மூன்று டிரான்சிஸ்டர் பூஸ்டருக்குள் பலம் கொஞ்சம் அதிகமாகிவிட்டிருந்தது. வந்த சிக்னலைத் தட்டி எழுப்பியதோடு நிற்காமல், அது தானே ஒரு குட்டி ஸ்டேஷனாக மாறி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கோடுகளை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு ஸ்டேஷன். அத்தனை பேரும் பூஸ்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள். திறந்து சரிபார்க்கலாம் என்றால் உள்ளே தார்.

"அண்ணே, நாமளே திறக்க முடியாதபடியா ஊத்துனீங்க?" என்று சுப்ராயன் கேட்டார்.

மறுநாள் காலையில் அலாவுதீன் வாடகைக்கு ஒரு வண்டி பிடித்து மைக் கட்டி ஊரைச் சுற்றவிட்டார். "பூஸ்டர் இல்லாத படம்! கோடு இல்லாத படம்! பிறை ஆண்டெனா!" என்றது மைக். வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர் வேண்டுமென்றே அல்லி எலெக்ட்ரானிக்ஸ் வாசலில் நின்று பீடி பற்றவைத்துவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் ஆஸியா பீவி இரண்டு முதலாளிகளையும் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்தத் தெருவில் பாதி வீடுகள் ஆஸியா பீவியுடையவை. மீதிப் பாதி அவருடைய சொந்தக்காரர்களுடையவை. அவர் சொன்னால் தெரு சொன்ன மாதிரி. துபாயில் இருக்கும் மகன் காதர் பாட்சா இப்போது லீவில் வந்திருந்தார். வரும்போது ஒரு பெரிய கலர் டி.வி. கொண்டுவந்திருந்தார். அதில் இதுவரை கலரில் தெரிந்தது கோடுகள்தான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து எங்க தெருக் காக்காய்க்கெல்லாம் வீடு கட்டிக் குடுத்துட்டீங்க" என்றார் ஆஸியா பீவி. "படத்தைத்தான் காணோம்."

இருவரும் ஒருவரை ஒருவர் கையைக் காட்டினார்கள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் சிலோன்ல தமிழ்ப்படம் போடுறாங்களாம். ரெண்டு பேரும் எங்க மாடியில உங்க உங்க கம்பத்தை நடுங்க. எது ஒழுங்காப் படம் காட்டுதோ, அதையே தெரு பூரா வெச்சுக்கிறோம். தோக்குறவங்க வேற பொழப்பைப் பாத்துக்கங்க தம்பி. இந்தக் கம்பிச் சண்டை இதோட போதும்."

வீட்டுக்கு வந்து சோமசேகரன் சாப்பிட உட்கார்ந்தார். அல்லி குழம்பை ஊற்றிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சுப்ராயன் காலையில வந்து எங்கிட்ட கேட்டுட்டுப் போனாரு. மஸ்கட்டுல கட்டடத்துல ஏறுற வேலைக்கு ஆள் எடுக்குறாங்களாம். போகலாமான்னு."

"உங்கிட்ட எதுக்குக் கேட்டான்?"

"உங்ககிட்டக் கேட்டா உங்க மூஞ்சியைப் பாக்க முடியாதாம்."

சோமசேகரன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்திருந்தார். கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். அதில் பாதிக் கம்பெனி மஸ்கட்டுக்குப் போகிறேன் என்கிறது. ரேடியோ காலத்திலிருந்து கூட இருப்பவர். சோமசேகரன் எதற்கு மாறினாலும் ‘எதுக்குண்ணே’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூடவே மாறிக்கொண்டவர்.

"ஞாயித்துக்கிழமை ஜெயிச்சுட்டா போக மாட்டான்" என்றார்.

"தோத்துட்டா?"

"சோத்தைப் போடு."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆஸியா பீவி வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூடத்தில் பெண்களும் பிள்ளைகளும். முற்றத்து ஜன்னலோரம் ஆண்கள். அடுப்பங்கரையில் பிரியாணி தயாராகிக்கொண்டிருந்தது. டி.வி. வாங்கிய காதர் பாட்சா அன்றைக்கென்று பார்த்து நாகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவர் மனைவி ஷரீபுன்னிசாதான் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடுவே, இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

முதலில் அலாவுதீனின் முறை. பதினாறு கம்பியை ஒயரில் இணைத்து, தானே மாடியில் நின்று திருப்பினார்.

"வருதா?" என்று மேலிருந்து கத்தினார்.

"சத்தம் வருது!" என்று கீழிருந்து கத்தினார்கள்.

"படம்?"

"உப்பு மழை!"

நெடுநேரம் திருப்பியும் திரையில் வெள்ளைப் புள்ளியாகப் பொழிந்த உப்பு மழை ஓயவில்லை. சோமசேகரனின் முறை வந்தது. இருபத்து நாலு கம்பி, சவுக்குக் கம்பம். கம்பத்தின் அடியைச் சுப்ராயன் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். சோமசேகரன் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திருப்பச் சொன்னார்.

"வருதா?"

"முன்னே வந்த சத்தமும் போயிட்டு!"

அலாவுதீன் மாடியை விட்டு இறங்கவில்லை. "இறங்குங்க பாய், இது எங்க நேரம்" என்றார் சோமசேகரன்.

"நான் எறங்குனதும் என் கம்பத்தைத் திருப்பி விட்டுடுவீங்க. தெரியாதா?"

"உங்க கம்பம் மறைக்கிறதாலதான் எனக்குப் படம் வரலை. முதல்ல அதைக் கழட்டுங்க."

"எட்டு கம்பி அதிகம் வெச்சிருக்கீங்களே, அது மறைப்பைத் தாண்டிப் பாக்காதா?"

பேச்சு வளர்ந்தது. ரேடியோ காலத்துப் பழங்கதையெல்லாம் வெளியே வந்தது. குடையைப் பற்றியும் ஏதோ சொல்லப்பட்டது. கூடத்தில் இருந்தவர்கள் டி.வி.யை விட்டுவிட்டு மாடிச் சண்டைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. ஷரீபுன்னிசா பாதிப் படிவரை ஏறிவந்து, "சாப்பாடு ஆறுது, எறங்கி வாங்கண்ணே" என்று கூப்பிட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும் வந்தாள். "பிள்ளை இப்பத்தான் தூங்குனிச்சு, கத்தாதீங்கண்ணே." கத்தல் குறையவில்லை. பிள்ளை எழுந்து அழும் சத்தம் கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனாள்.

"சுப்ராயா, இடது பக்கம் கொஞ்சம் சாய்" என்றார் சோமசேகரன் கடைசி முயற்சியாக.

சுப்ராயன் சாய்ந்தார்.

கீழே கூடம் ஒரே குரலில் கத்தியது. "வந்துட்டு! வந்துட்டு!"

மாடியில் இரண்டு முதலாளிகளும் உறைந்து நின்றார்கள்.

"சுப்ராயா, அசையாதே! அப்படியே நில்லு! மூச்சைக்கூட மெதுவா விடு!"

சோமசேகரன் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார். கூடம் நிறையப் பெண்கள் இருந்ததால் உள்ளே போகாமல் முற்றத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். படம்! கோடு இல்லை, புள்ளி இல்லை, ஆட்டம் இல்லை. கதாநாயகியின் மூக்குத்திக் கல் தெரிந்தது. புடவைச் சரிகை தெரிந்தது. பாட்டு, கூடத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ரேடியோவும் ஸ்பீக்கர் பெட்டியும் தாரும் ஒரு நொடியில் மறந்து போயின.

அலாவுதீனும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். பிரியாணியைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னலோரமே நின்று சாப்பிட்டபடி படம் முடியும்வரை பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் கடைசியில். "நடுவுல ஒரு விளம்பரம்கூட வரலையே, சோமு. விளம்பரத்தையும் சேர்த்து வடிகட்டுதோ?"

சோமசேகரனுக்கே அது அப்போதுதான் உறைத்தது. "கம்பி எண்ணிக்கை கூடுனா அப்படித்தான் பாய்" என்றார் அடக்கமாக.

"நான் தோத்தேன். குடைக்கே போயிடுறேன்."

ஜெயித்தவுடன் பெரிதாகச் சிரிக்க வேண்டும் என்று சோமசேகரன் பல நாளாகத் திட்டமிட்டிருந்தார். அலாவுதீன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "வாங்க, உங்க கம்பத்தை இறக்க ஒரு கை குடுக்குறேன்" என்றார்.

அப்போதுதான் மேலே சுப்ராயன் என்று ஒருவர் இருப்பது ஞாபகம் வந்தது. படம் முழுவதும் அவர் அந்த வெயிலில் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பிரித்து எடுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். பிரியாணித் தட்டை நீட்டினால் வாங்கக் கை நீளவில்லை. கம்பத்தைப் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்தது.

"படம் நல்லா இருந்துச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே கடை வாசலில் புதுப் பலகை மாட்டப்பட்டது. ‘அல்லி ஆண்டெனா: விளம்பரத்தையும் வடிகட்டும்.’ எட்டுக் கம்பி, பூஸ்டர் எல்லாம் நிறுத்தம். இனி இருபத்து நாலு மட்டும்தான் என்று சோமசேகரன் அறிவித்தார். ஆஸியா பீவி வாக்குத் தவறவில்லை. தெரு முழுக்க ஆர்டர் வந்தது. சுப்ராயன் மஸ்கட் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆஸியா பீவியே கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, அன்னைக்கு வந்த மாதிரி ஒருநாளும் வரலையே. அதே பெட்டி, அதே கம்பம், அதே மாடி. பழைய உப்பு மழைதான் பெய்யுது."

தெருவில் எல்லா வீட்டிலும் அதே புகார். சோமசேகரன் கம்பியை அளந்தார், ஒயரை மாற்றினார், கொழும்பு இருக்கும் திசையை மேப்பில் பார்த்தார். அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாதது என்ன? யோசித்து யோசித்து, சாப்பாட்டின் நடுவில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சுப்ராயன்!" என்றார்.

"அவர் வீட்டுக்குப் போயிட்டாரே" என்றாள் அல்லி.

"ஐயோ, சுப்ராயன்தான் காரணம்! அன்னைக்கு அவன் கம்பத்தைப் பிடிச்சிருந்தான். இப்ப யாரும் பிடிக்கலை. அவன் உடம்பு வழியா என்னமோ நடக்குது."

சோதனை மாரிக்கண்ணு வீட்டு மாடியில் நடந்தது. சுப்ராயன் போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்தார். காற்றில் ஆடிக்கொண்டிருந்த கம்பம் நின்றது. ஆடிக்கொண்டிருந்த படமும் நின்றது.

"திரே பியேன், முசே!" என்று மாரிக்கண்ணு பிரெஞ்சில் பாராட்டிக் கைதட்டினார்.

சந்தேகம் தீர்ந்தது. அதன் பிறகு நல்ல படம் போடுகிற நாட்களில் சுப்ராயனை மாடிக்குக் கேட்டு ஆள் வர ஆரம்பித்தது. ஒருவர் எத்தனை மாடியில் நிற்க முடியும்? சோமசேகரன் ஆராய்ச்சியில் இறங்கினார். அன்றைக்குச் சுப்ராயன் என்ன சாப்பிட்டார்? கால் ஈரமாக இருந்ததா? இடுப்பில் இருந்த அரைஞாண் வெள்ளியா? வெள்ளி என்று தெரிந்ததும் அதைக் கழற்றிக் கம்பத்தில் கட்டிப் பார்த்தார். படம் வரவில்லை. சுப்ராயனின் வேட்டிதான் கொஞ்சம் நழுவியது.

இந்தச் செய்தி எதிர்க்கடைக்குப் போகாமலா இருக்கும்? குடைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அலாவுதீன் பாதி வழியில் நின்றுவிட்டார். ஒருநாள் சுப்ராயன் தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, பாய் என்னை அங்கே கூப்பிடுறாரு. டெக்னிக்கல் மேனேஜர்னு போர்டு போட்டுத் தர்றேங்குறாரு. நாற்காலியாம்."

"உட்கார்ந்துக்கிட்டா எப்படிக் கம்பம் பிடிப்பே?"

"அதை நான் கேக்கலண்ணே."

சோமசேகரன் நேரே தெருவைக் கடந்து போனார். சண்டை என்று நினைத்து நாலைந்து பேர் கூடினார்கள். ஆனால் அலாவுதீன் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சோமசேகரன் உட்கார்ந்தார்.

"பாய், கம்பியை நீங்க ஏத்துனீங்க, நானும் ஏத்துனேன். கம்பத்தை ஏத்துனோம். இப்ப சுப்ராயனை நீங்க ஒரு பக்கம் இழுத்து நான் ஒரு பக்கம் இழுத்தா அவன் பிஞ்சுடுவான்."

அலாவுதீன் யோசித்தார். "அப்ப சேந்துக்குவோமா?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"டீ சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்."

தெருவுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஆனால் அல்லி வாசலில் நின்று பார்த்து, வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

இப்படியாக ‘அல்லி-பிறை எலெக்ட்ரானிக்ஸ்’ பிறந்தது. பெயரில் யார் முன்னால் வருவது என்று கொஞ்சம் இழுபறி இருந்தது. அகர வரிசைப்படி என்று அல்லியே தீர்த்துவைத்தாள். புதுக் கம்பெனியின் முதல் வேலை, சுப்ராயனிடம் இருக்கும் அந்தச் சக்தியைக் கண்டுபிடித்து ஒரு கருவியாக்குவது. அதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை அப்படியே மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முதலாளிகளும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.

ஆஸியா பீவி வீட்டு மாடி. அதே கம்பம். அதே வெயில். அன்று கட்டியிருந்த அதே வேட்டியில், காலில் ஈரத்தோடு, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து சுப்ராயன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்னும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக அலாவுதீனும் சோமசேகரனும் மாடியில் நின்று கொஞ்ச நேரம் சண்டைகூடப் போட்டுப் பார்த்தார்கள். முன்பு மாதிரி வரவில்லை; இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் சிரிப்பு வந்துவிட்டது. கீழே இறங்கி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். உப்பு மழை.

ஆஸியா பீவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். ஷரீபுன்னிசா இரண்டு கிளாஸில் சர்பத் கொண்டுவந்து முற்றத்துத் திண்டில் வைத்தாள். இருவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"என்னண்ணே தேடுறீங்க?"

"அன்னைக்கு வந்துச்சே அந்தப் படம்மா" என்றார் சோமசேகரன். "எல்லாத்தையும் அன்னைக்கு இருந்த மாதிரியே வெச்சுட்டோம். சுப்ராயன் மேலே பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குறான். ஆனா வர மாட்டேங்குது. அன்னைக்கு இங்கே வேற ஏதாச்சும் வித்தியாசம் இருந்துச்சா?"

ஷரீபுன்னிசா வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமிகிட்டச் சொல்லிடாதீங்கண்ணே, பிரியாணியும் ஆறி பிள்ளையும் எந்திரிச்சு, நீங்க ரெண்டு பேரும் மாடியை விட்டு எறங்குற வழியைக் காணோமேன்னு, இவங்க துபாய்லேந்து கொண்டாந்த வீடியோ டெக்குல அன்னைக்கு நாந்தான் ஒரு படக் கேசட்டைப் போட்டுவிட்டேன்."